ஓ. பன்னீர்செல்வம்

மூன்று முறை தமிழ்நாட்டின் முதலமைச்சர். அதற்கு வெகுகாலம் முன்பு பெரியகுளத்தில் டீக்கடை நடத்தியவர். 14 ஜனவரி 1951-இல் பிறந்தார். இடுக்கி மலையடிவாரத்துத் தேனி மாவட்டமே இவருடைய களம்.

அந்த வட்டாரத்தின் பிழைப்பு மலையை நம்பியது. விடிவதற்குள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு தோட்டத் தொழிலாளர்கள் போடிமெட்டு ஏறுவார்கள். கேரளப் பக்கம் விளையும் ஏலக்காய் மூட்டை மூட்டையாக இறங்கிப் போடிநாயக்கனூர் ஏல மையத்தில் விலை போகும். நாணயத்தையும் வாய்ச்சொல்லையும் வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் ஊர்கள் இவை. இங்கே கல்லாவில் உட்கார்ந்தவருக்கு எதிராளியைப் பேசவிட்டுக் கேட்கும் பொறுமை தானாக வந்துவிடும். பன்னீர்செல்வத்தின் அரசியலுக்கு முதலீடு அந்தப் பொறுமைதான்.

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. பிளந்தபோது இவர் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகியின் அணியில் இருந்தார். 1989 தேர்தலில் போடியில் சேவல் சின்னத்தில் ஜெயலலிதா நின்றார். எதிர்த்து நின்ற ஜானகி அணியின் வெண்ணிற ஆடை நிர்மலாவுக்காக இவர் வேலை பார்த்தார். வென்றவர் ஜெயலலிதா. பின்னாளில் அதே போடியில் 2011, 2016, 2021 என மூன்று முறை வென்றவர் பன்னீர்செல்வம்.

1996-இல் அ.தி.மு.க. சட்டமன்றத்தில் நான்கே இடங்களுக்குச் சுருங்கியது. அந்தக் கெட்ட காலத்திலும் இவர் பெரியகுளம் நகராட்சித் தலைவரானார். 2001 மே மாதம் முதன்முறை எம்.எல்.ஏ., உடனே வருவாய்த் துறை அமைச்சர். ஜெயலலிதாவின் நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 21 செப்டம்பர் அன்றே முதலமைச்சர்! 2002 மார்ச்சில் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார். ஜெயலலிதா மறுபடி பதவி இழந்த 2014 செப்டம்பரில் கண்ணீரோடு மீண்டும் பதவியேற்று, மறுஆண்டு மே மாதம் அவருக்காக மறுபடியும் விலகினார். பொம்மை முதலமைச்சர் என்று ஏசியவர்கள் உண்டு. கையில் வந்த அதிகாரத்தை இரண்டு தடவை விட்டுக்கொடுத்த விசுவாசத்துக்குத் தமிழக அரசியலில் ஈடு கிடையாது. அந்த இரண்டாம் முறையில்தான், 2014 நவம்பரில், முல்லைப் பெரியாறு அணையில் நீர் 142 அடியைத் தொட்டது. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் பல்லாண்டு காத்திருந்த மட்டம் அது.

மூன்றாவது முறை, ஜெயலலிதாவின் மறைவுக்குப் பின், டிசம்பர் 2016 முதல் பிப்ரவரி 2017 வரை. ஜல்லிக்கட்டு அவசரச் சட்டம் அப்போது வந்தது. பிறகு ஜெயலலிதாவின் தோழி சசிகலாவை எதிர்த்து மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் தியானம், கட்சியில் பிளவு, இணைப்பு, 2021 வரை துணை முதலமைச்சர் பதவி. ஜூலை 2022-இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 2024-இல் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று இரண்டாம் இடம் பெற்றார்.