பாதத்தில் பிறக்கும் அடி

குமரி மாவட்டத்தின் தற்காப்புக் கலையான அடிமுறையில் ஓர் அடி கையில் பிறப்பதில்லை. கை அது கடைசியாக வந்து சேரும் இடம். பிறப்பிடம் பின்னங்காலின் பாதம். திற்பரப்பு, குலசேகரம் தொடங்கி விளவங்கோடு வரை குமரியின் மேற்குப் பக்கத்தில் களரி நடத்தும் ஆசான்மார், வந்தவனுக்கு எடுத்த எடுப்பில் குத்தச் சொல்லித் தருவதில்லை. சுவடு என்ற காலடிப் பயிற்சிதான் முதலில். வெறுங்காலோடு மண்ணில் கால்மாற்றி வைக்க, திரும்ப, தாழ, எழ என்று அதிலேயே மாதங்கள் போகும். பையன் பொறுமையிழந்து கையை வீசினால் குரல் வரும்: “கைய விடு மக்களே, கால நல்லா சவுட்டு!”

அந்தச் சவுட்டில்தான் எல்லாம் இருக்கிறது. பாதம் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ, அவ்வளவு விசையைத் தரை திருப்பித் தருகிறது. நியூட்டன் 1687-ல் எழுதிவைத்த மூன்றாம் விதி இது. மடங்கிய முழங்கால் நிமிரும்போது அந்த விசை மேலேறி இடுப்புக்கு வருகிறது. இடுப்பு முந்தித் திரும்ப, தோள் ஒரு நொடித்துகள் பிந்தித் திரும்புகிறது. இந்தப் பிந்துதலை நான் அடியின் உயிர் என்றே சொல்வேன். இரண்டும் ஒன்றாகத் திரும்பினால் வயிற்றுத் தசைகள் இழுபட வழியில்லை. இழுபடாத தசை சுண்டாது. கனமான இடுப்பு தன் வேகத்தை மட்டுப்படுத்தும் கணத்தில், அதைவிட இலேசான தோளும் கையும் அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு பாய்கின்றன. கோதையாற்றங்கரையில் கல்லில் துணி அடித்துத் துவைப்பவர்கள் செய்வதும் இதுவே. அவர்கள் தோளை நம்பினால் நாலு வேட்டிக்குள் களைத்துவிடுவார்கள்.

இதற்கு அளவும் எடுத்திருக்கிறார்கள். சோவியத் ஆய்வாளர் ஃபிலிமோனோவும் குழுவினரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தேர்ந்த குத்துச்சண்டை வீரரின் குத்தில் காலின் பங்கு ஏறக்குறைய 38 விழுக்காடு, உடல் திருப்பத்தின் பங்கு 37, கையின் பங்கு 24. கீழ்நிலை வீரர்களிடம் காலின் பங்கு 16 விழுக்காடு அளவில்தான் இருந்தது. கை 38-ஐத் தொட்டது. தேர்ச்சி ஏற ஏற, அடி பிறக்கும் இடம் கையைவிட்டுக் காலுக்கு இறங்குகிறது. சுவடை முதலில் வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

விசை தோளைத் தாண்டியபின் கை தளர்ந்தே போகவேண்டும். முன்கூட்டியே இறுக்கிய தசை, வரும் வேகத்துக்குத் தானே தடை போடும். இலக்கைத் தொடும் கணத்தில்தான் முட்டி இறுகும், மணிக்கட்டு நேராகும், மூச்சு வெடித்து வெளியேறும். அப்போது கையின் எடையோடு உடம்பின் எடையும் சேர்ந்து விழுகிறது. மணிக்கட்டு மடங்கியிருந்தால் போன விசை திரும்பி வந்து அடித்தவனையே நோகடிக்கும்.

2020 பொங்கலுக்கு வந்த, அடிமுறையைக் காட்டிய ‘பட்டாஸ்’ படத்துக்குப் பிறகு அடிமுறை என்ற பெயர் குமரிக்கு வெளியேயும் பரவியது. மகிழ்ச்சிதான். ஆனால் செல்போன் வீடியோக்களில் பெரும்பாலும் இடுப்புக்கு மேலேதான் காட்டுகிறார்கள். பார்த்துப் பழகும் பிள்ளைக்கு அடியின் முதல் பாதி தெரியாமலே போகிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

குமரி மரபில் அடியின் பயணம் முட்டியோடு நிற்பதில்லை. விரல் கணுவுக்கும் விரல் நுனிக்கும் போகிறது. பரப்பு சுருங்கச் சுருங்க அதே விசையின் அழுத்தம் கூடும். அங்கே உடம்பின் உயிர்நிலைகளைப் பற்றிய வர்மம் தொடங்குகிறது: படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 இடங்கள். எவ்வளவு விசை என்பதை வர்ம நூல்கள் மாத்திரை என்று அளக்கின்றன. கால், அரை, முக்கால், ஒன்று. முழு மாத்திரை கொல்லும் என்கின்றன. அடி சொல்லித்தரும் அதே ஆசான் வீட்டுத் திண்ணையில், மரத்திலிருந்து விழுந்தவரை உட்காரவைத்து, பெருவிரலால் தடவி எடுப்பது கால் மாத்திரையில். அடிபட்டு மயங்கியவரை எழுப்பும் அடங்கல் முறையும் அவர் கையில்தான். எங்கே நிறுத்துவது என்று உடம்புக்குத் தெரிய ஆண்டுகள் ஆகும். முன்கோபிக்குச் சுவடும் பூட்டுப் பிடியும் சொல்லித்தருவார்கள்; அளவைச் சொல்ல மாட்டார்கள்.