வரப்போர நீர்ப்பிரமி: களை என்று அழிக்கும் முன் கவனியுங்கள்

வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பின் ஈரத்திலும் பச்சைப் பாய் விரித்தது போல் படர்ந்து கிடக்கும் செடி நீர்ப்பிரமி. களை என்று நாம் வழித்து எறியும் இது, சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் நினைவாற்றலுக்குப் பயன்படும் மூலிகை.

அடையாளம்

இது தரையில் படரும் பல்லாண்டுச் செடி. தண்டு சதைப்பற்றானது, கணுவுக்குக் கணு வேர் விடும். இலைகள் சிறியவை, தடிப்பானவை, எதிரெதிராக இருக்கும். இலைக் கக்கத்தில் வெள்ளை அல்லது வெளிர் நீலப் பூ தனித்தனியாகப் பூக்கும். இலையை மென்றால் கசக்கும்.

சில இடங்களில் வல்லாரையையும் 'பிரமி' என்பார்கள். வல்லாரை இலை வட்டமாக, நீண்ட காம்புடன் இருக்கும். பொடுதலையும் இதே ஈரத்தில் படரும். அதன் இலை விளிம்பில் பற்கள் இருக்கும், பூக்கள் நெருங்கிக் கொத்தாக இருக்கும்.

வளரும் இடம்

ஏரி, குளக்கரை, வாய்க்கால், நெல் வயல், கடலோரச் சதுப்பு நிலம் ஆகிய இடங்களில் தானாக வளரும். ஓரளவு உப்பு நீரையும் தாங்கும். தண்ணீரில் மூழ்கினாலும் பிழைக்கும். ஈரம் வற்றினால் காய்ந்துவிடும். கரைகளில் சிமென்ட் பூசினாலும், வரப்பில் களைக்கொல்லி அடித்தாலும் இதற்கு இடமில்லாமல் போகும்.

எங்கே பறிக்கக் கூடாது?

தண்ணீரில் உள்ள காட்மியம், ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்வது இச்செடியின் இயல்பு. எவ்வளவு கழுவினாலும் அது போகாது. எனவே சாக்கடை, ஆலைக்கழிவு கலக்கும் இடத்திலும், களைக்கொல்லி அடித்த வரப்பிலும் செழித்து நின்றாலும் பறிக்காதீர்கள். உண்ணவும் கூடாது, விற்கவும் கூடாது.

வளர்க்கும் முறை

நல்ல தண்ணீர் பாயும் தாழ்வான மூலையே போதும். மண்ணைச் சேறாக்கி, வேர் விட்ட கணுக்களுடன் 5 முதல் 10 செ.மீ. நீளத் தண்டுகளை நடுங்கள். ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுமார் 75 முதல் 90 நாட்களில் அறுக்கலாம். அடித்தண்டை விட்டு அறுத்தால் மீண்டும் தழையும். அறுத்ததை நிழலில் உலர்த்துங்கள்.

விற்பனைக்கு என்றால், வாங்குபவரிடம் பேசி முடித்த பிறகே பரப்பை அதிகப்படுத்துங்கள். மருந்தாக உண்பதற்கு முன் சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.