குயவரும் கோமகளும்

களிமண் எங்கும் மலிவானதே. அதே மண்ணாலான ஒரு கலம் சில காசுக்கும், மற்றொன்று பல பொன்னுக்கும் விலைப்படுவானேன்? கைத்திறன் ஒன்றே இதற்குக் காரணமா? பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே வாழ்ந்த யோசையா வெட்ஜ்வுட் என்பாரின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்க விடை தருகின்றது.

1730 ஆம் ஆண்டிலே பேர்சிலம் என்னும் ஊரில், குயவர் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். இளமையிற் கண்ட பெரியம்மையால் நலிவுற்ற வலக்காலை 1768 இல் வெட்டியெடுக்க நேர்ந்தது. எனினும் அவரது ஊக்கம் தளரவில்லை. இடையறாச் சோதனைகளின் பயனாக, பாலாடை நிறத்து மெருகுக் கலங்களைச் செப்பமாக ஆக்கினார். 1765 இல் சார்லற் அரசியார் தேநீர்க் கலத் தொகுதியொன்றைப் பணித்துப் பெற்றார். அரசியின் குயவர் என்னும் பட்டம் கிட்டியது. கலங்களும் ‘அரசிக் கலம்’ எனப் பெயர் பூண்டன. பண்டம் முன்னிருந்ததுதான்; பெயரோ அதற்குப் புதுமதிப்பை ஈந்தது.

மாளிகைகளை அணிசெய்யும் பூச்சாடிகளுக்கு அவர் தொடக்கத்தில் உயர்ந்த விலையையே விதித்தார். விலை மலிந்தால் பெருமக்கள் அவற்றை விரும்பார் என்பது அவர் கருத்து. ஆனால் 1772 இல், பங்காளர் பென்ற்லிக்கு எழுதிய கடிதமொன்றில், வேறொரு வழியை எடுத்துரைத்தார். பெருமக்களின் மாளிகைகளில் நெடுநாள் இருந்த சாடிகளை நடுத்தர மக்கள் கண்டு வியந்துவிட்டனர். இவர்கள் தொகையோ மிகப் பெரிது. ஆதலின் விலையைக் குறைத்து இவர்களுக்கும் விற்கலாம் என்பதே அது. அவ்வாண்டின் பணநெருக்கடியில் விற்பனை தளரவே, ஒவ்வொரு பண்டத்துக்கும் ஆகும் செலவையும் அவர் நுணுகிக் கணக்கிட்டார்.

உருசியப் பேரரசி இரண்டாம் கத்தரீனுக்காக 952 கலங்கள் கொண்ட தொகுதியொன்று ஆக்கப்பட்டது. பிரித்தானிய நிலக்காட்சிகள் அவற்றில் தீட்டப்பட்டன. அதனால் விளைந்த ஊதியம் சிறிதே. ஆயினும், 1774 இல் இலண்டன் காட்சிச்சாலையில் அது வைக்கப்பட்டபோது உயர்குடியினர் திரண்டு வந்து கண்டனர். விற்பனையிற் கிட்டாத ஊதியம் புகழாய்த் திரும்பிற்று.

புகழ் மட்டும் வாணிகத்தை நிலைநிறுத்தாது. வாங்கிய பொருள் மனநிறைவு தராவிடின் திருப்பியனுப்பலாம் என அவர் உறுதியளித்தார். நேரிற் கண்டு தேர முடியாத தொலைவிலிருந்தோர்க்கு இவ்வுறுதி பெருந்துணையாயிற்று. அரசியின் பெயரைக் கண்டு வாங்க வந்தவர், ஏமாற்றமடையின் இழப்பின்றி மீளலாம் என்பதை அறிந்தே பணம் கொடுத்தார்.

1795 இல் வெட்ஜ்வுட் மறைந்தார். உயர்விலைப் பண்டங்களை விற்போர் இன்றும் அவர் வகுத்த வழியிலேயே செல்கின்றனர்: பெரியோரை முதலில் நாடுதல், அவர் பெயரால் மதிப்பை வளர்த்தல், பின்னர் பலருக்கும் விற்றல். விலையில் ஒரு பகுதி மண்ணுக்கும் உழைப்புக்கும் உரியது. மற்றொரு பகுதி மதிப்புக்கு உரியது. அம்மதிப்புக்கு ஈடாக விற்பவர் நம்பிக்கையைத் தருகின்றாரா என்பதே வாங்குவோர் ஆராய வேண்டுவது. அது இல்லாதவிடத்துப் பெயருக்குக் கொடுத்த பொன் வீணே.