பையில் கிடந்த கட்டு

1862 ஏப்ரல் 6. அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஷைலோ களத்தில் தென்னகப் படைத்தலைவர் ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன் குதிரை மீதே தளர்ந்து சாய்ந்தார். இறக்கிக் கிடத்தியவர்கள் அவர் உடம்பில் காயத்தைத் தேடினார்கள். குண்டு துளைத்திருந்ததோ வலது முழங்காலின் பின்புறத் தமனியை; குருதி காலணிக்குள் இறங்கியிருந்தது. அவர் சட்டைப்பையில் டூர்னிகெட் என்னும் இறுக்குக்கட்டு ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். உடனிருந்த மருத்துவரை, காயம்பட்டுக் கிடந்த எதிரிப் படையினரையும் கவனிக்கும்படி அவரே சற்று முன்புதான் அனுப்பியிருந்தார்.

அக்கருவி அன்றைக்கே பழையது. 1674இல் பெசான்சோன் முற்றுகையின்போது எத்தியன் மொரெல் என்ற பிரெஞ்சுப் படை மருத்துவர் கட்டுத்துணிக்குள் குச்சியைச் செருகி முறுக்கினார் என்பர். 1718இல் ழான் லூயி பெத்தி அதைத் திருகாணியால் இறுகும்படி அமைத்தார். குச்சியை விடாது பிடித்திருக்க ஒருவர் தேவையில்லை என்றாயிற்று.

பின்னர் அச்சம் வந்தது. முதல் உலகப் போரில் கட்டுப்போட்ட காலோடு வீரர்கள் மணிக்கணக்கில் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள். கட்டிய உறுப்பு அழுகியது. பழி கட்டின் மீது விழுந்தது. பழியில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு மணி நேரம் கடந்தால் தசையும் நரம்பும் சிதையும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். எனினும் குற்றம் பெரும்பாலும் தாமதத்தினுடையது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் 'வேறு வழியே இல்லாதபோது மட்டும்' என்ற எச்சரிக்கை அந்த நூற்றாண்டு முழுவதும் நிலைத்துவிட்டது.

அதை அசைத்தது ஈராக் போர். 2006இல் பாக்தாத் படை மருத்துவமனை ஒன்றில் இக்கட்டுப் போடப்பட்ட 232 பேரை ஆராய்ந்தார்கள். குருதி இழப்பால் அதிர்ச்சிநிலை வருமுன் கட்டப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். வந்தபின் கட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே. கட்டினால் மட்டும் உறுப்பை இழந்தவர் எவருமில்லை.

அரைகுறையாக இறுக்குவதுதான் பெருந்தீங்கு. சிரைகள் அடைபட, தமனி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், ஒழுக்கு கூடும். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல், அகலமான பட்டையால் குருதி நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். இடையிடையே தளர்த்திப் பார்ப்பது கூடாது.

நம் ஊர்களில் பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்குகிறார்களே, அது வேறு. அங்கே தடுக்க வேண்டிய குருதிப் பெருக்கு இல்லை. விரியன் நஞ்சு கட்டிய இடத்திலேயே தேங்கித் தசையை அரிக்கும். உலக சுகாதார நிறுவனம் அதை வேண்டாமென்கிறது. ஏற்கெனவே கட்டியிருந்தால், மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கியபின் மருத்துவர்தான் அவிழ்க்க வேண்டும்.