வேட்பாளர் விவாதங்களில் உரையாடல் ஆய்வு

தேர்தல் விவாத மேடையில் வேட்பாளர்கள் பேச்சை எப்படிக் கைமாற்றிக்கொள்கிறார்கள், எங்கே குறுக்கிடுகிறார்கள், எதிராளியை எப்படி விளிக்கிறார்கள் என்பவற்றை மொழியியல் ஆராய்கிறது. வேட்பாளர் பதில் சொல்வது எதிராளிக்கு. வசப்படுத்த நினைப்பதோ வாக்காளரை. சாதாரணப் பேச்சில் இல்லாத பல வழக்கங்கள் இதிலிருந்தே பிறக்கின்றன.

பேசுபவர் எங்கே முடிப்பார் என்பதைக் கேட்பவர் முன்கூட்டியே ஊகித்துத் தன் முறைக்கு ஆயத்தமாகிறார் என்று சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974இல் விளக்கினர். விவாதத்தில் முறையைப் பங்கிடுபவர் நெறியாளர். அந்தப் பங்கீட்டை மீறுவதே குறுக்கீடு.

குறுக்கீட்டை எண்ணுவது எளிது, பொருள்கொள்வதுதான் கடினம். மார்கரெட் தாட்சர் நேர்காணல்களில் அடிக்கடி குறுக்கிடப்பட்டதற்கு ஜெஃப்ரி பீட்டி குழுவினர் 1982இல் ஒரு காரணம் கூறினர்: சொல்லி முடிக்காத இடத்திலும் அவர் குரல் சட்டென்று இறங்கியது, முடித்துவிட்டார் என்று எண்ணி மற்றவர் பேசத் தொடங்கினர். 2020 செப்டம்பர் 29 அன்று கிளீவ்லாந்தில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில் பைடனின் பேச்சில் டிரம்ப் நுழைந்தது இந்த வகையில் சேராது. அங்கே எதிராளியை வாக்கியம் முடிக்கவிடாததே உத்தியாக இருந்தது. அடுத்து நடந்த துணை அதிபர் விவாதத்தில் ‘நான் பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்று மைக் பென்ஸிடம் கமலா ஹாரிஸ் சொன்னது தகவல் அன்று, உரிமைக் கோரிக்கை.

விளிப்பின் வலிமைக்கு 1988 ஏப்ரல் 28 அன்று நடந்த பிரெஞ்சு விவாதத்தை விஞ்சிய சான்று கிடைப்பது அரிது. இன்றிரவு நீங்கள் அதிபரும் அல்லர், நான் பிரதமரும் அல்லன், இருவரும் சமமான வேட்பாளர்கள் என்றார் அப்போது பிரதமராக இருந்த ஜாக் சிராக். ஆகவே பெயர் சொல்லியே விளிப்பதாகவும் அறிவித்தார். அதிபராக இருந்த மித்தரான் மறுக்கவில்லை. நீங்கள் சொல்வது முற்றிலும் சரி என்றவர், அதே மூச்சில் ‘பிரதமர் அவர்களே’ என்று முடித்தார். சிராக் கேட்ட சமநிலை அந்த ஒரு விளியில் காணாமற்போனது. 2008இல் அமெரிக்க விவாதத்தில் ஜான் மெக்கெய்ன், எதிராளி ஒபாமாவின் பெயரைச் சொல்லாமல் வெறும் சுட்டுச்சொல்லால் குறித்தது அவமதிப்பாகவே பலருக்குப் பட்டது.

இவற்றை விளக்கப் பயன்படும் பிரவுன்–லெவின்சன் பணிவுக் கோட்பாட்டின் தரவுகளில் ஒன்று கோயம்புத்தூர் மாவட்டத் தமிழ்ப் பேச்சு. ஆனால் அக்கோட்பாடு பிறர் மதிப்பைக் காக்கும் பேச்சையே மையமாகக் கொண்டது. மித்தரான் செய்ததுபோல் மரியாதைச் சொல்லையே ஆயுதமாக்குவதை விளக்க அது முழுதும் போதாது.

2024 ஜூன் 27 அன்று பைடனும் டிரம்பும் மோதிய அட்லாண்டா விவாதத்தில், முறை வராதவரின் ஒலிவாங்கி அணைக்கப்பட்டது. எழுத்துப்படியில் குறுக்கீடுகள் குறைந்தன. எதிர்வினையோ முகத்துக்கு இடம்பெயர்ந்தது. அதனால் பார்வை, தலையசைப்பு, இகழ்ச்சிச் சிரிப்பு ஆகியவற்றையும் ஆய்வாளர்கள் சொற்களோடு நேரம் பொருத்திக் குறித்துக்கொள்ள வேண்டியுள்ளது.