தண்டோரா முதல் கைபேசி வரை: அறிவிப்பு யாருடையது?



சேலத்துக்குக் கிழக்கே உள்ள இந்த அயோத்தியாப்பட்டணத்தில் சாலையோரம் சற்று நின்றால் போதும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, பிளெக்ஸ் பலகை, கையிலுள்ள கைபேசி என்று மூன்று வழிகளில் விளம்பரம் நம்மை வந்தடைகிறது. இவற்றுக்கெல்லாம் முன்பு ஊருக்குச் சேதி சொன்னது நம் பாட்டன்மார் தோளில் தொங்கிய பறை. விளம்பரத்தின் வரலாற்றைச் செய்தித்தாளிலிருந்து தொடங்குவார்கள். நாம் தண்டோராவிலிருந்து தொடங்க வேண்டும்.

பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் முதல் காதையே விழாவறை காதைதான். இந்திர விழாவை அறிவிப்பவன் யானையின் பிடரியில் முரசேற்றி, நகரை வாழ்த்திப் பேசுகிறான். பழங்குடியில் பிறந்தவன் என்று காப்பியம் அவனை மதிப்போடு குறிக்கிறது. பிற்காலத்தில் அதே வேலை சேரியின் கட்டாயக் கடமையானது. வரி கட்டும் கெடு, ஏலம், திருவிழா என எதுவானாலும் தெருத்தெருவாக நடந்து பறையடித்துச் சொன்னவர் நம்மவர். சொல் ஊராருடையது, கையும் தொண்டையும் நம்முடையவை. தன் சேரிக்குக் குடிநீர் இல்லை என்பதை அந்தப் பறையால் அவர் அறிவிக்க முடியாது.

2022 ஆகஸ்டில்தான் தண்டோரா முறையை நிறுத்தச் சொல்லி, அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றார். ஒலிபெருக்கி வந்து எத்தனையோ பத்தாண்டுகள் ஆகியிருந்தன. கருவி வந்தவுடன் இழிவு தானாக ஒழிந்துவிடவில்லை. அதை ஒழிக்கத் தனியாக ஓர் உத்தரவு தேவைப்பட்டது.

நம் முன்னோர் அந்த உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கிப் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். விலையையே பெயரில் வைத்ததால், யாருக்கான இதழ் என்று தனியாக விளம்பரம் செய்யத் தேவையிருக்கவில்லை. 1920இல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது திலகர் நிறுவிய ‘கேசரி’. விளம்பரச் சந்தையிலும் சாதி இருந்தது.

இன்றைய டிஜிட்டல் சந்தையில் அந்தக் கதவு திறந்துவிட்டதா? ஓரளவு திறந்திருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாடல்கள் கைபேசி வழியே எங்கும் போயின. ஆனால் இந்தத் தளங்கள் விற்பது நம் கவனத்தை. யார் எதைப் பார்த்து எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கணக்கிட்டு, அந்த நேரத்தை விளம்பரதாரருக்கு விற்கின்றன. சாதிப் பெருமைப் பாட்டும் ஆளை நிறுத்திவைக்கும் என்றால் அதுவும் அவற்றுக்குச் சரக்குதான்.

நம் மண்ணிலேயே இதைப் பார்த்தோம். 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. முதல் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் பேச்சுகளைப் பரப்பினார். அதே வழக்கில் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியச் சாட்சியமானது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு கருவி கொலையாளியின் தண்டோராவானது. இன்னொன்று சாட்சி சொன்னது. அந்தப் பதிவை வழக்காக்கி நீதிமன்றத்தில் நிறுத்தியது கேமரா அல்ல; ஒரு தாயின் பிடிவாதமும், வழக்கறிஞர்களின் உழைப்பும், துணை நின்ற இயக்கங்களும்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2020 ஜூன் 29இல் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. அதன் வழியே முதன்முறையாகப் பார்வையாளர்களைப் பெற்ற கிராமத்துக் கலைஞர்கள் பலர் ஒரே நாளில் அவர்களை இழந்தார்கள். அது வாடகை மேடை. அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். அவருடைய இதழ்ப் பிரதிகளை யாரோ பத்திரமாக வைத்திருந்ததால்தான், ஞான. அலாய்சியஸ் அவற்றை 1999இல் தொகுத்து நம் கையில் தர முடிந்தது.

எனவே கைபேசியில் பேசுவோம், பாடுவோம். பதிவேற்றும் ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட ஒரு பிரதியை நம்மிடமும் வைத்துக்கொள்வோம். நம் அமைப்பின் அலமாரியிலும் வன்தட்டிலும் அது இருக்கட்டும். அடுத்தவர் சேதியை மட்டுமே அறிவித்த பறை அது. இனி நம் சேதியைச் சொல்லும்போது, அதைக் காத்துவைக்கும் பொறுப்பும் நம்முடையதே.