பால்சா மாதிரி விமானங்களைப் பெரிதாக்குதல்

சிறிய மாதிரி விமானத்துக்கென வரைந்த கட்டுமான வரைபடத்தை ஒன்றேகால், ஒன்றரை, இரண்டு மடங்காகப் பெருக்கி, அதைக்கொண்டு பெரிய ரேடியோ கட்டுப்பாட்டு விமானம், அதாவது ஆர்.சி. விமானம், கட்டும் கைத்திறன் இது. ஜெராக்ஸ் கடையில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம் போலத் தோன்றும். தாளைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் விமானத்தின் நீளம் இரட்டித்தால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். தூக்கும் இறக்கைக்கும் அது தூக்க வேண்டிய சுமைக்கும் இருந்த பொருத்தம் கெட்டுவிடும். எதைப் பெருக்குவது, எதைப் பெருக்காமல் விடுவது என்று தெரிந்துகொள்ள இத்துறைக்கு நெடுங்காலம் ஆனது.

கலீலியோவும் லாங்லியும்

பரப்பும் கனஅளவும் வெவ்வேறு வேகத்தில் வளர்கின்றன என்ற விதியைக் கலீலியோ 1638இல் வெளியான தம் நூலில் விளக்கினார். சிறிய விலங்கின் எலும்பை அதே வடிவில் பெரிதாக்கினால் அது பெரிய உடலைத் தாங்காது, எலும்பு இன்னும் தடிக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். விமானத் துறை இதே பாடத்தை ஆற்றில் விழுந்து படித்தது.

ரப்பர் முறுக்கில் பறக்கும் மாதிரியை அல்போன்ஸ் பெனோ 1871இல் பாரிசின் துய்லெரி தோட்டத்தில் பறக்கவிட்டார். அதற்குப் பிறகு, பெரிய விமானத்துக்கு முன்னோட்டமாகச் சிறிய மாதிரி செய்து பார்க்கும் வழக்கம் பரவியது. இதை மிகுந்த பொருட்செலவில் செய்தவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனச் செயலராக இருந்த சாமுவேல் லாங்லி. அவருடைய ஐந்தாம் எண் 'ஏரோட்ரோம்' நீராவி எஞ்சினால் ஓடிய ஆளில்லா மாதிரி. முன்னும் பின்னுமாக இரண்டு ஜோடி இறக்கைகள், சுமார் 4 மீட்டர் இறக்கை நீட்டம், 11 கிலோ அளவு எடை. 1896 மே 6 அன்று போடோமக் ஆற்றில் நின்ற படகுவீட்டின் கூரையிலிருந்து ஏவப்பட்டு, ஒரு கிலோமீட்டர் அளவு தூரம் பறந்து தண்ணீரில் மெல்ல இறங்கியது. அருகிலிருந்து அதைப் படம் எடுத்தவர் தொலைபேசி புகழ் கிரஹாம் பெல்.

அமெரிக்கப் போர்த்துறை 50,000 டாலர் கொடுத்து, ஆள் ஏறும் விமானம் கேட்டது. லாங்லி செய்தது, வெற்றிபெற்ற அமைப்பை ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருக்கியது. எஞ்சினில் குறையே இல்லை. சார்லஸ் மேன்லி சீர்செய்து தந்த அந்த ஐந்து சிலிண்டர் எஞ்சின் 52 குதிரைத்திறன் கொடுத்தது, அந்நாளில் அது ஓர் அற்புதம். கோளாறு சட்டகத்தில் இருந்தது. 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 என்று இரண்டு முறையும், ஓட்டிச்சென்ற மேன்லியோடு சேர்ந்து விமானம் ஆற்றில் விழுந்தது. ஏவுபொறியில் சிக்கியதுதான் காரணம் என்று லாங்லி தரப்பு சொன்னது. அந்த இறக்கைகள் சுமை ஏறியதும் முறுக்கிக்கொள்ளும் அளவுக்கு வலுவற்றவை என்பது பின்னாள் ஆய்வாளர்கள் பலருடைய முடிவு. இரண்டாம் வீழ்ச்சிக்கு ஒன்பது நாள் கழித்து ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். மேன்லி இரண்டு முறையும் உயிர் தப்பியது பெரும் பாக்கியம்.

பால்சா

மாதிரி கட்டுவோரின் மரமாகப் பால்சா நிலைபெற்றது இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில். ஒக்ரோமா பிரமிடேல் என்ற இந்த மரம் தென் அமெரிக்காவில், குறிப்பாக ஈக்வடாரில், ஆறு முதல் பத்து ஆண்டுகளில் வெட்டும் பருவத்துக்கு வந்துவிடும். ஒரே மரவகையில் கன மீட்டருக்கு 100 கிலோவுக்கும் குறைந்த பஞ்சு போன்ற பலகையும் கிடைக்கும், 200 கிலோவைத் தாண்டும் கெட்டிப் பலகையும் கிடைக்கும். பெரிதாக்குவோருக்கு இது பெரிய வசதி. வால்பகுதிக்கு மென்மையானது, இறக்கையை நெடுகத் தாங்கும் சட்டமான ஸ்பாருக்குக் கெட்டியானது என்று தராசில் நிறுத்துப் பொறுக்கலாம். பிரிட்டனின் 'மஸ்கிட்டோ' போர் விமானம் பால்சாவை நடுவில் வைத்து, இருபுறமும் பிர்ச் பிளைவுட் ஒட்டிச் செய்யப்பட்டது. ஆகவே பெரிய விமானத்துக்குப் பால்சா தாங்காது என்று சொல்ல முடியாது. எங்கே எப்படி வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பெரிதாக இருந்தே தீர வேண்டிய காலம்

ஆர்.சி. விமானங்கள் பிறக்கும்போதே பெரியவை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் கலமசூவைச் சேர்ந்த இரட்டையர் வால்டர் குட், வில்லியம் குட் இருவரும் 1930களின் பிற்பகுதியில் கட்டிய 'கஃப்' விமானத்தின் இறக்கை நீட்டம் 8 அடி. அழகுக்காக அல்ல, வால்வு ரேடியோவும் அதற்கான பேட்டரிகளும் அவ்வளவு கனம். அவற்றைச் சுமக்க அவ்வளவு இறக்கை தேவைப்பட்டது. அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிரான்சிஸ்டர் வந்தது, ரேடியோ சுருங்கியது, விமானமும் கூடவே சுருங்கியது. 1960களில் டிஜிட்டல் புரபோர்ஷனல் ரேடியோ வந்தபோது, ஸ்டிக்கை எவ்வளவு அசைக்கிறோமோ அதற்கேற்ற அளவே சுக்கானும் அசையும் நிலை ஏற்பட்டது. 10 சி.சி. குளோ எஞ்சினும் ஒன்றரை மீட்டரைச் சற்றுத் தாண்டிய இறக்கையும் வழக்கமான அளவாயின. பத்திரிகைகளில் வந்த பிளான்களில் பெரும்பகுதி இந்த அளவுக்கு உட்பட்டவை. பிற்காலத்தில் பெரிதாக்கப்பட்டவை இவைதான். கூடவே, ரப்பர் முறுக்கில் பறக்க 1930களிலும் 40களிலும் வரைந்த சிறு மாதிரிகளும். அந்தப் பழைய வரைபடங்களின் விலா இடைவெளியும் வால் வளைவும் இன்றும் கண்ணுக்கு விருந்து. பெரிதாக்கும் ஆசை பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

மரம் அறுக்கும் எஞ்சின்

1970களின் பிற்பகுதியில் காற்று திசை மாறியது. சங்கிலி ரம்பத்தில் ஓடும் வகையைச் சேர்ந்த 'குவாட்ரா' போன்ற 35 சி.சி. பெட்ரோல் எஞ்சின்களை மாதிரி விமானத்தில் பொருத்தத் தொடங்கினார்கள். மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த விலையுயர்ந்த குளோ எரிபொருள் வேண்டியதில்லை, பம்பில் பிடித்த பெட்ரோலில் எண்ணெய் கலந்தால் போதும். அதிர்வு அதிகம், எடையும் அதிகம். ஆனால் பெரிய சுழலியை நிதானமாகச் சுற்றும் இழுவிசை அதனிடம் இருந்தது. நிஜ விமானத்தின் கால் பங்கு அளவிலான மாதிரிகளின் காலம் இப்படித்தான் தொடங்கியது. சர்வதேச மினியேச்சர் விமானச் சங்கமான ஐ.எம்.ஏ.ஏ. வகுத்த விதிப்படி, ஒற்றை இறக்கை விமானத்துக்கு 80 அங்குலமும் இரட்டை இறக்கை விமானத்துக்கு 60 அங்குலமும் 'ஜெயன்ட்' என்ற பெயருக்குக் குறைந்தபட்ச நீட்டம்.

குட் சகோதரர்கள் வேறு வழியில்லாமல் பெரிதாகக் கட்டினார்கள். இந்தத் தலைமுறையோ விரும்பிக் கட்டியது. பெரிய விமானம் காற்றில் நிதானமாக, நிஜ விமானம் போலப் பறந்ததுதான் காரணம். அதற்கு இயற்பியலும் துணை. அளவு n மடங்கானால் விமானத்தின் அசைவுகள் எடுத்துக்கொள்ளும் நேரம் n இன் வர்க்கமூல மடங்கு நீளும். இரட்டை அளவு விமானம் ஏறத்தாழ 1.4 மடங்கு நிதானமாக அசைகிறது. சிற்றிறக்கைகளைக் காற்று எப்படி நடத்துகிறது என்பதை ஜெர்மானியர் எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் காற்றுச் சுரங்கத்தில் ஆராய்ந்து 1942இல் நூலாக்கியிருந்தார். இறக்கையின் அளவையும் வேகத்தையும் பொறுத்த ரெனால்ட்ஸ் எண் ஒரு வரம்புக்குக் கீழே போனால் இறக்கையின் தூக்குவிசை சரிந்து இழுவை ஏறிவிடும் என்று அதில் காட்டினார். பெரிதாக்கும்போது அந்த எண் ஏறுவதால், இறக்கை முன்பைவிடத் திறமையாக வேலை செய்கிறது.

ஒன்றரை மடங்கின் கணக்கு

150 செ.மீ. நீட்டம், 45 சதுர டெசிமீட்டர் பரப்பு, 2 கிலோ எடை உள்ள பயிற்சி விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சதுர டெசிமீட்டருக்குச் சுமை 44 கிராம். ஒன்றரை மடங்காக்கினால் நீட்டம் 225 செ.மீ., பரப்பு 101 சதுர டெசிமீட்டர். எல்லாவற்றையும் அப்படியே பெருக்கினால் எடை 6.75 கிலோ, சுமை 67 கிராம். விமானம் கீழே விழாமல் பறக்க வேண்டிய குறைந்தபட்ச வேகம் 22 சதவீதம் ஏறும், அதைப் பறக்கவைக்கத் தேவையான திறன் நான்கு மடங்கைத் தாண்டும். எடையை 5 கிலோவுக்குள் அடக்கினால் சுமை 49 கிராமில் நிற்கும், திறன் 2.6 மடங்கு போதும். பெரிதாக்குவதில் கிடைக்கும் லாபம் அனைத்தும் இந்த 1.75 கிலோவில் அடங்கியிருக்கிறது.

இந்தக் குறைப்பு சாத்தியமே. ரிசீவரின் எடை விமானத்தோடு சேர்ந்து வளர்வதில்லை. சூடேற்றிச் சுருக்கும் மேலுறையின் எடை பரப்பைப் பொறுத்தே கூடும். மரத்தில்தான் கவனம் வேண்டும். பழைய விமானத்தில் விலா 1.6 மி.மீ. தடிப்பு என்றால் புதியதில் 2.4 மி.மீ. ஆகிறது. கடையில் அந்தத் தடிப்பு கிடைக்கும். ஒன்றரையும் இரண்டும் கட்டுவோருக்குப் பிடித்த மடங்குகளாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம். 1.4 மடங்கு என்று வைத்தால் விலா 2.24 மி.மீ., 6.4 மி.மீ. ஸ்பார் 8.96 மி.மீ. என்று எந்தக் கடையிலும் இல்லாத எண்களாக வரும். அதனால் அனுபவசாலிகள் வெளிக்கோட்டை மட்டும் பெருக்கிக்கொண்டு, உள்ளே உள்ள வெட்டுகளைக் கையிலிருக்கும் மரத்துக்கு ஏற்பப் புதிதாக வரைகிறார்கள்.

பலகை நீளமும் குறுக்கே நிற்கும். பால்சா பெரும்பாலும் 36 அங்குல நீளத்தில் விற்கப்படுகிறது, அதாவது 91 செ.மீ. நம் எடுத்துக்காட்டில் ஒரு பக்க இறக்கையே 112 செ.மீ. ஸ்பாரை ஒட்டித்தான் ஆக வேண்டும். அந்த ஒட்டைச் செங்குத்தாகப் போடக்கூடாது. தடிப்பைப் போல் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டும், மேல் ஸ்பாரின் ஒட்டும் கீழ் ஸ்பாரின் ஒட்டும் ஒரே இடத்தில் வரக்கூடாது.

வலிமையின் கணக்கு இன்னும் கடுமையானது. முழுக்கப் பெருக்கிய விமானத்தில் ஸ்பாரை வளைக்கும் திருப்புவிசை n இன் நான்காம் அடுக்காக ஏறுகிறது, அதைத் தாங்கும் குறுக்குவெட்டின் திறன் மூன்றாம் அடுக்காகத்தான் ஏறுகிறது. மரத்தின் மேல் விழும் தகைவு n மடங்காகக் கூடிவிடும். லாங்லியை ஆற்றில் தள்ளியது ஏறத்தாழ இந்தக் கணக்குதான். பால்சா ஸ்பாருக்குப் பதில் ஸ்புரூஸ், மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே மர இழை செங்குத்தாக நிற்கும்படி ஒட்டிய பால்சாத் தகடுகள், முன்விளிம்பை மூடும் பலகை உறை ஆகியவை இதற்கு வந்த விடைகள். பழைய 7 செ.மீ. விலா இடைவெளி 10.5 செ.மீ. ஆகும்போது மேலுறை நடுவில் தொய்ந்துவிடும். அங்கே முன்பகுதிக்கு மட்டும் அரை விலாக்களைச் சேர்ப்பார்கள். எல்லா விலாவையும் தடிப்பாக்குவது இதைவிட எளிது, ஆனால் அது தவறான எளிமை.

சுக்கான்களை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவுக்கும் அதே நான்காம் அடுக்கு விதி பொருந்தும். ஒன்றரை மடங்கில் சுக்கானைத் திருப்ப வேண்டிய திருப்புவிசை ஐந்து மடங்கு, இரண்டு மடங்கில் பதினாறு மடங்கு. பழைய விமானத்தில் நடுவில் இருந்த ஒரே சர்வோ, இறக்கைகளின் பின்விளிம்பில் அசையும் மடல்களான இரு ஏலரான்களையும் நீளக் கம்பியால் இழுத்திருக்கும். பெரியதில் ஏலரானுக்கு ஒரு சர்வோ என்று உலோகப் பல்சக்கரத்தோடு பொருத்தி, இணைப்புக் கம்பியைக் குட்டையாக்குகிறார்கள். கம்பி தளர்ந்திருந்தால் வேகத்தில் ஏலரான் படபடக்கத் தொடங்கும். அது தொடங்கினால் இறக்கை மிஞ்சுவது அபூர்வம்.

தாளில் பெருக்குதல்

ஷைனர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1603 வாக்கில் அமைத்த பேன்டோகிராப் கருவி, வரைபடத்தைப் பெருக்கும் வேலைக்கு நெடுநாள் கைகொடுத்தது. பத்திரிகைகள் ஒரே பக்கத்தில் சுருக்கி அச்சிட்ட பிளான்மீது கட்டம் கட்டி, பெரிய தாளில் கட்டத்துக்குக் கட்டம் வரைவது இன்னொரு வழி. பெருக்கும் நகலெடுப்பு இயந்திரம் வந்தபின் இரண்டும் குறைந்தன. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. சில இயந்திரங்கள் தாள் நகரும் திசையில் கொஞ்சம் கூடவோ குறையவோ பெருக்கிவிடும். வலது இறக்கையை நெடுக்கிலும் இடது இறக்கையைக் குறுக்கிலும் நகலெடுத்தால் இரண்டும் ஒரே நீளம் இருக்காது. ஆகவே நகலில் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் தெரிந்த அளவு ஒன்றை அளந்து பார்த்துவிட்டே கத்தியை எடுப்பது வழக்கம். கணினி வரைவும் லேசர் வெட்டும் வந்தபின் இந்தத் தொல்லை ஒழிந்தது. விலாவை ஒருமுறை வரைந்துவிட்டால் ஸ்பார் வெட்டை அரை மில்லிமீட்டர் துல்லியத்தில் மாற்றலாம். எந்த மரத்தை எங்கே போடுவது என்பது மட்டும் இன்னும் கட்டுபவர் கையில்தான்.

எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதற்கு விதிகள் இப்போது மேலிருந்து ஒரு வரம்பு போட்டிருக்கின்றன. அமெரிக்காவின் மாதிரி விமானச் சங்கமான ஏ.எம்.ஏ. வழக்கமான விமானங்களுக்கு 55 பவுண்டு என்று வைத்திருக்கிறது, அதற்கு மேல் போனால் தனிச் சோதனை வேண்டும். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள், பொழுதுபோக்குக்கும் ஆராய்ச்சிக்கும் கண்பார்வைக்குள் பறக்கவிடும் மாதிரி விமானத்துக்கு 25 கிலோ என்கின்றன. நம் 2 கிலோ பயிற்சி விமானத்தை மரத்தில் எதையும் மாற்றாமல் அப்படியே பெருக்கிக்கொண்டே போனால், 2.3 மடங்கில் அது 24 கிலோவைத் தாண்டி அந்த எல்லையைத் தொட்டு நிற்கும்.